ஞானஸ்நானம்: ஒரே வேதம், ஏன் இத்தனை பதில்கள்?

எங்கள் மூத்த ராத்தா அரசாங்க ஆஸ்பத்திரிகளில் முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். யுத்த காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை அவர் இன்றும் மறக்கவில்லை. ஓர் ஊரடங்கு இரவு. குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தை. விடியும் வரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாய் ஒரு கத்தோலிக்கப் பெண். "ஃபாதரைக் கூப்பிடுங்க" என்று அழுதுகொண்டே இருந்திருக்கிறார். அந்த நேரத்தில் வீதியில் நாய் கூட நடமாடாது. ஃபாதர் எப்படி வருவார்? கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மிஸ், நீங்களே என்ட புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுங்க. அவசரத்துக்கு யாரும் குடுக்கலாம். சொல்ல வேண்டியத நான் சொல்லித் தாறன்" என்று கேட்டாராம்.

ராத்தா திகைத்துப் போனார். அந்த வார்த்தைகளைச் சொல்ல அவருடைய ஈமான் இடம் கொடுக்கவில்லை. அந்தத் தாயை அப்படியே விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. கொதித்து ஆறிய தண்ணீரை ஒரு கிண்ணத்தில் கொண்டு வந்து வைத்து, குழந்தையின் தலையைத் தாயின் பக்கமாக ஏந்திப் பிடித்தார். தாயே நடுங்கும் கையால் தண்ணீரை ஊற்றி, சொல்ல வேண்டியதைச் சொன்னார். சுபஹுக்கு முன்பு குழந்தை இறந்துவிட்டது. "அதுக்குப் பிறகு அந்த மனிசி அழல்ல தம்பி, அமைதியாப் படுத்திட்டா" என்று ராத்தா சொல்வார்.

ராத்தா என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்பார். "நான் செய்தது பிழையா?" என்பது ஒன்று. அதற்கு மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் மௌலவி அல்ல. "அந்த மனிசி ஏன் அப்பிடித் துடிச்சா?" என்பது மற்றது. ஓர் ஆசிரியனாக அதற்கு என்னால் பதில் தேட முடிந்தது. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான்.

இதை இப்போது எழுதுவதற்கு வேறு காரணமும் உண்டு. நான் காரைதீவுப் பிரதேசத்தில், மாளிகைக்காட்டில் வசிப்பவன். என்னோடு படிப்பிக்கும் ஒரு மெதடிஸ்த ஆசிரியர் அண்மையில் ஓய்வறையில் மனம் உடைந்து பேசினார். அவருடைய மகள் பல்கலைக்கழகத்தில் ஒரு பெந்தகொஸ்தே சபையோடு சேர்ந்து, இப்போது முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கப் போகிறாளாம். "சேர், அவள் மூன்று மாசப் பிள்ளையா இருக்கும்போது நாங்க ஞானஸ்நானம் குடுத்தோம். இப்ப அது செல்லாது எண்டு சொல்றாள். அப்ப நாங்க குடுத்தது என்ன?" என்றார். பக்கத்தில் இருந்த நம்மவர் ஒருவர், "தண்ணி தெளிச்சாலும் சொர்க்கம், முங்கினாலும் சொர்க்கம், இதுக்கு என்ன சண்டை?" என்று பகிடியாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

நம்மில் பலருடைய அறிவு இந்தப் பகிடியோடு நின்றுவிடுகிறது. கிறிஸ்தவர்கள் எல்லோரும் "தண்ணீர் பட்டால் பாவம் போய்விடும்" என்று நம்புகிறார்கள் என்பது நமது எண்ணம். உண்மை அப்படியில்லை. இந்த ஒரு விடயத்தில் அவர்களிடையே ஆயிரம் வருடங்களைத் தாண்டிய கருத்து வேறுபாடு உண்டு. அதற்காக உயிர் விட்டவர்களும் உண்டு.

ஞானஸ்நானம் என்றால் என்ன?

தண்ணீரைக் கொண்டு ஒருவரைக் கிறிஸ்தவ சமூகத்துக்குள் சேர்க்கும் சடங்கே ஞானஸ்நானம். கத்தோலிக்கர்கள் இப்போது 'திருமுழுக்கு' என்ற சொல்லை அதிகம் பயன்படுத்துகிறார்கள். இதன் தொடக்கத்தை அவர்கள் யோவான் ஸ்நானகனிடம் காண்கிறார்கள். அவரை நாம் யஹ்யா (அலை) என்று அறிவோம். அவர் யோர்தான் ஆற்றில் மக்களை முழுகச் செய்து தௌபாவின் பக்கம் அழைத்தார் என்பது அவர்களுடைய வேதத்தின் செய்தி. யஹ்யா (அலை) அவர்களின் பிறப்பையும் நற்குணத்தையும் ஸூறா மர்யமில் நாம் ஓதுகிறோம். முழுக்குப் பற்றி அங்கே எதுவும் இல்லை.

சடங்கில் தண்ணீரும், பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற மூன்று பெயர்களும் இடம்பெறும். தௌஹீதை உயிராகக் கொண்ட நமக்கு இதில் உடன்பாடு இருக்க முடியாது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் உடன்படாத ஒன்றைச் சரியாக விளங்கிக்கொள்வது வேறு விடயம். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று ஸூறா அல்மாஇதாவின் 8ஆவது வசனம் கட்டளையிடுகிறது. மற்றவருடைய நம்பிக்கையை எடுத்துச் சொல்வதிலும் அந்த நீதி தேவை.

கிறிஸ்தவர்கள் மூன்று கேள்விகளில் பிரிகிறார்கள். யாருக்குக் கொடுப்பது: குழந்தைக்கா, வளர்ந்து விசுவாசித்தவருக்கா? எப்படிக் கொடுப்பது: தெளித்தா, ஊற்றியா, முழுவதும் முழுக்கியா? மூன்றாவதுதான் எல்லாவற்றுக்கும் அடி: அது ஈடேற்றத்துக்கு, அதாவது இரட்சிப்புக்கு, அவசியமா?

அந்தத் தாய் ஏன் துடித்தார்?

கத்தோலிக்கத் திருச்சபை 'ஆம், அவசியம்' என்று சொல்கிறது. ஆதமின் பாவம் மனித குலம் முழுவதையும் பற்றியிருக்கிறது, பிறக்கும் குழந்தையும் அந்த நிலையில்தான் பிறக்கிறது, ஞானஸ்நானம் அதை உண்மையாகவே நீக்குகிறது என்பது அவர்களுடைய போதனை. அது வெறும் அடையாளம் அல்ல, இறையருளைக் கொண்டுவரும் கருவி என்று 1547இல் திரெந்து சங்கம் உறுதிப்படுத்தியது. கிழக்கின் ஓர்த்தடொக்ஸ் சபைகளும் குழந்தைக்கே கொடுக்கின்றன. ஆனால் ஆதமின் குற்றமே பிள்ளைக்கு வருகிறது என்று அவர்கள் சொல்வதில்லை, மரணமும் பலவீனமும் வருகின்றன என்பார்கள்.

ஐந்தாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த வட ஆபிரிக்க ஆயர் அகுஸ்தீன், ஞானஸ்நானம் இன்றி இறக்கும் குழந்தை மிக இலேசானதாயினும் தண்டனைக்கு உரியது என்றார். பின்வந்த அறிஞர்களுக்கு இது கடுமையாகப் பட்டது. வேதனையும் இல்லாத, இறைக்காட்சியும் இல்லாத 'லிம்போ' என்ற ஓர் இடத்தைப் பற்றிப் பேசினார்கள். அது நூற்றாண்டுகளாக மக்கள் மனத்தில் ஊறியது. ஒரு தாய்க்குத் தன் பிள்ளையை மறுமையிலும் காண முடியாதோ என்ற பயம் எப்படியிருக்கும்? ராத்தாவின் கையைப் பிடித்த அந்தக் கையில் இருந்தது அந்தப் பயம்தான்.

அவர் சொன்ன அவசர விதியும் உண்மையே. மரண ஆபத்தில் யாரும், ஞானஸ்நானம் பெறாத ஒருவர் கூட, சபையின் கருத்துப்படி செய்யும் எண்ணத்தோடு தண்ணீர் ஊற்றி உரிய வார்த்தைகளைச் சொன்னால் அது செல்லும் என்பது கத்தோலிக்கச் சட்டம். அவ்வளவு அவசியம் என்று கருதுவதால்தான் அவ்வளவு இலகுவாக்கினார்கள்.

அதேவேளை, தண்ணீர் கிடைக்காதவருக்கும் அவர்கள் வாசலை அடைத்துவிடவில்லை. ஞானஸ்நானம் பெறுமுன் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டால் அது 'இரத்தத் திருமுழுக்கு'. பெற விரும்பி, பெறுமுன் இறந்தால் அது 'ஆசைத் திருமுழுக்கு'. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், நேர்மையாக இறைவனைத் தேடி வாழ்பவரும் ஈடேற்றம் பெறலாம் என்று அறிவித்தது. அந்த ஆவணம் முஸ்லிம்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு, ஞானஸ்நானம் இன்றி இறக்கும் குழந்தைகள் ஈடேற்றம் பெறுவார்கள் என்று நம்பிக்கை கொள்ளக் காரணங்கள் உண்டு என்று எழுதியது. 'உறுதி' என்று அது சொல்லவில்லை, 'நம்பிக்கை' என்றது. அந்த ஊரடங்கு இரவுக்கு இந்த ஆறுதல் பிந்தித்தான் வந்தது.

அடையாளமும் முத்திரையும்

16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் சீர்திருத்தம் எழுந்தபோது, மனிதன் விசுவாசத்தால் மட்டுமே நீதிமானாக்கப்படுகிறான் என்று மார்ட்டின் லூதர் முழங்கினார். ஆனால் குழந்தை ஞானஸ்நானத்தை அவர் கைவிடவில்லை. அதில் இறைவனின் வாக்குறுதியே செயற்படுகிறது என்றார். கல்வின் வழிவந்த சபைகள், அது உடன்படிக்கையின் அடையாளமும் முத்திரையும் என்றன. இஸ்ராயீல் மக்கள் எட்டாம் நாள் ஆண் குழந்தைக்குச் சுன்னத்துச் செய்தார்கள் அல்லவா, அதன் இடத்தில் இப்போது ஞானஸ்நானம் வந்திருக்கிறது. எனவே விசுவாசிகளின் பிள்ளைகளுக்கும் அது உரியது என்பது அவர்களுடைய வாதம். ஆனால் அது இல்லாமல் இறந்த குழந்தை ஈடேற்றம் இழக்கும் என்று அவர்கள் சொல்வதில்லை. ஆகவே அவசர ஞானஸ்நானம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

மெதடிஸ்த வழியின் ஸ்தாபகர் ஜோன் வெஸ்லி, அங்கிலிக்கன் சபையின் குருவானவர். குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்றார். ஆனால் குழந்தையில் தண்ணீர் பட்டதை நம்பிக்கொண்டு வாழ்நாள் முழுவதும் பாவத்தில் திரிபவர்களைப் பார்த்து, நீங்கள் மறுபடி பிறக்க வேண்டும் என்று கண்டித்தார். என் சக ஆசிரியர் நிற்கும் இடம் இதுதான். மகளுக்குச் செய்தது ஒரு தொடக்கம், இறைவன் முந்திக்கொண்டு காட்டிய அருள் என்பது அவருடைய நம்பிக்கை. அதைச் செல்லாது என்று சொல்வது, இறைவனின் செயலையே மறுப்பதாக அவருக்குப் படுகிறது.

விசுவாசம் முதலில், தண்ணீர் பிறகு

மகள் நிற்கும் இடத்துக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1525 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் சிலர், குழந்தையில் பெற்றது ஞானஸ்நானமே அல்ல என்று கூறி, ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். 'மறுஞானஸ்நானக்காரர்' என்று அவர்களுக்குப் பட்டம் சூட்டினார்கள். நகராட்சி அவர்களை வேட்டையாடியது. 1527 ஜனவரியில் அவர்களில் ஒருவரான பீலிக்ஸ் மான்ஸ் கைகள் கட்டப்பட்டு ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார். தண்ணீரைக் கேட்டவருக்குத் தண்ணீராலேயே தண்டனை. கொன்றவர்கள் கத்தோலிக்கர் அல்லர், புரட்டஸ்தாந்து சீர்திருத்தக்காரரின் நகரம் அது.

1609இல் ஹொலந்தில் தஞ்சமிருந்த ஆங்கிலேயரான ஜோன் ஸ்மித்தின் கூட்டத்திலிருந்து பப்டிஸ்ட் சபை தோன்றியது. விசுவாசித்தவருக்கு மட்டுமே ஞானஸ்நானம், அதுவும் முழுக்காக, என்பது அவர்களுடைய வழி. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். முழுக்கில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கும் இவர்களே, அந்த முழுக்கு இரட்சிப்பைத் தருவதில்லை என்றும் சொல்கிறார்கள். இரட்சிப்பு விசுவாசித்த கணத்தில் கிடைத்துவிட்டது. தண்ணீர் அதற்குப் பகிரங்க சாட்சி, கீழ்ப்படிவு. ஆகவே ராத்தாவின் வார்ட்டில் அன்று ஒரு பப்டிஸ்ட் தாயோ பெந்தகொஸ்தே தாயோ இருந்திருந்தால் தண்ணீர் கேட்டிருக்க மாட்டார். விபரம் அறியாத குழந்தை இறைவனின் இரக்கத்தில் இருக்கிறது என்று நம்பி, துஆக் கேட்பது போல ஜெபம் செய்திருப்பார். ஒரே மதம், இரண்டு தாய்மார், இரண்டு விதமான இரவு.

இதன் இரண்டு ஓரங்களிலும் வேறு சபைகள் உண்டு. 'கிறிஸ்துவின் சபை' என்று அறியப்படும் கூட்டத்தார், வளர்ந்தவருக்கே முழுக்கு என்பதோடு, பாவமன்னிப்பு அந்த முழுக்கில்தான் கிடைக்கிறது என்கிறார்கள். பெந்தகொஸ்தேயரில் 'ஒருமைக் கொள்கை' உடைய ஒரு பிரிவு திரித்துவத்தையே மறுத்து, இயேசுவின் பெயரால் மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கிறது. மறு ஓரத்தில் 1883இல் இலங்கைக்கு வந்த இரட்சணிய சேனை இருக்கிறது. அவர்கள் தண்ணீர் ஞானஸ்நானமே கொடுப்பதில்லை. உள்ளத்தின் மாற்றமே போதும் என்பார்கள்.

ஒரே வேதத்தில் இத்தனை பதில்கள் எப்படி?

எல்லோரும் ஒரே புதிய ஏற்பாட்டைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். தண்ணீராலும் ஆவியாலும் பிறவாதவன் இறையாட்சிக்குள் நுழைய முடியாது என்ற கருத்து யோவான் 3ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பாவமன்னிப்புக்காக ஞானஸ்நானம் பெறும்படி பேதுரு மக்களை அழைத்தது அப்போஸ்தலர் 2இல் இருக்கிறது. அவசியம் என்போர் இவற்றைக் காட்டுவார்கள்.

மறுபக்கம், சிலுவையில் மனந்திரும்பிய கள்வனுக்கு எந்தத் தண்ணீரும் இல்லாமலேயே சொர்க்கம் வாக்களிக்கப்பட்டது என்பதை லூக்கா 23இல் காட்டுவார்கள். தன்னை அனுப்பியது ஞானஸ்நானம் கொடுக்க அல்ல, நற்செய்தி சொல்லவே என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதையும் எடுப்பார்கள். சிறைக்காவலன் ஒருவன் தன் வீட்டார் அனைவரோடும் ஞானஸ்நானம் பெற்ற செய்தி அப்போஸ்தலர் 16இல் வருகிறது. வீட்டார் என்றால் குழந்தைகளும் அடங்கும் என்று ஒரு சாரார். குழந்தை இருந்ததாக எங்கே எழுதியிருக்கிறது என்று மறு சாரார்.

மத்ஹபு வேறுபாடுகளைப் படித்த நமக்கு இது புதிதல்ல. இஸ்லாத்துக்கு வருபவர் குளிப்பது ஹன்பலி மத்ஹபில் கடமை. நமது ஷாபிஈ மத்ஹபில், குளிப்புக் கடமையாகாதவருக்கு அது ஸுன்னத். ஒரே ஹதீஸ்களிலிருந்து இரண்டு சட்டங்கள். ஒரு பெரிய வித்தியாசம் என்னவென்றால், அந்தக் குளிப்பில்தான் மறுமை ஈடேற்றம் தங்கியிருக்கிறது என்று நம்மில் எந்த இமாமும் சொல்லவில்லை. அவர்களுடைய வேறுபாடு ஈடேற்றத்தின் வாசலிலேயே நடக்கிறது. அதனால்தான் ஓய்வறையில் அந்த மனிதருக்குக் குரல் தழுதழுத்தது.

நமது கரையோரங்களில்

இந்த வாதம் ஐரோப்பாவோடு நிற்கவில்லை. 1530களில் தமிழகத்தின் முத்துக்குளித்துறையில், முத்துத் தொழிலில் முஸ்லிம்களோடு மோதல் ஏற்பட்டபோது, பரதவர் போர்த்துக்கேயரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். பாதுகாப்போடு ஞானஸ்நானமும் வந்தது. ஆயிரக்கணக்கானோர் தாம் எதை ஏற்கிறோம் என்பது முழுதாகத் தெரியாமலேயே கிறிஸ்தவர்களானார்கள். 1542இல் அங்கே வந்த பிரான்சிஸ் சவேரியார், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துவிட்டது என்று தன் கடிதத்தில் எழுதியவர். தண்ணீர் முதலில், போதனை பிறகு என்ற அந்த நிலையைக் கண்டே, அடிப்படை ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து ஊர் ஊராக மனப்பாடம் செய்வித்தார்.

1544இல் மன்னாரில் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மக்களை யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் கொல்வித்தான். இறந்தவர்கள் சுமார் 600 பேர் என்று சொல்லப்படுகிறது. மன்னனுடைய கண்ணில் அது போர்த்துக்கேயருக்குச் செய்த விசுவாசப் பிரமாணம். இறந்தவர்களுடைய கண்ணில் ஈடேற்றம். நம்முடைய முன்னோரும் அதே போர்த்துக்கேயரால் கரையோரங்களிலிருந்து விரட்டப்பட்டவர்கள். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டி மன்னன் செனரத் அவர்களில் பலரை இந்த மட்டக்களப்புக் கரையில் குடியமர்த்தினான். ஞானஸ்நானம் என்ற சொல்லை நம் சமூகம் முதலில் கேட்டது பீரங்கிச் சத்தத்தோடுதான். அந்தச் சொல்லில் நமக்கு இன்னும் ஒரு கசப்பு இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

1658 முதல் 1796 வரை கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் காலம் இன்னும் விசித்திரமானது. அவர்கள் கல்வின் வழியினர். ஞானஸ்நானம் தன்னளவில் ஈடேற்றம் தராது என்று போதித்தவர்கள். அவர்களுடைய ஆட்சியிலோ, ஞானஸ்நானப் பதிவு இல்லாதவருக்கு உத்தியோகமும், திருமணப் பதிவும், சொத்துரிமையும் கடினமாயின. ஊர்ப் பாடசாலை ஆசிரியர்தான் ஞானஸ்நானங்களையும் திருமணங்களையும் தோம்பில் எழுதி வைத்தார். தினவரவு இடாப்பு எழுதும் எனக்கு, என் தொழிலின் மூதாதை அவர் என்று நினைக்கும்போது ஒரு கூச்சம் வருகிறது. பெயரளவில் சேர்ந்த பெருங்கூட்டம், ஆங்கிலேயர் அந்த நெருக்குதலை நீக்கியதும் கரைந்து போனது. இறையியல் என்ன சொன்னாலும், அரசு கையில் எடுத்த சடங்கு அரசோடு போய்விடும் என்பதற்கு இது பாடம்.

ஆங்கிலேயர் காலத்தில் 1812இல் பப்டிஸ்ட் மிஷனரி ஜேம்ஸ் சேட்டர் கொழும்புக்கு வந்தார். 1814இல் மெதடிஸ்தர் காலியில் இறங்கினார்கள். அவர்களில் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து, அடுத்த வருடமே இறந்தார். அதே 1812இல் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய அதோனிராம் ஜட்சன், குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபையால் அனுப்பப்பட்டவர். கல்கத்தாவில் சந்திக்கப் போகும் பப்டிஸ்ட்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று கப்பலில் வேதத்தைத் துருவிப் படித்தார். முடிவில் அவர்கள் சொல்வதே சரி என்று பட்டது. கல்கத்தாவில் மனைவியோடு முழுக்கு ஞானஸ்நானம் பெற்று, தன்னை அனுப்பிய சபையின் ஆதரவை இழந்தார். என் சக ஆசிரியரின் மகள் இருநூறு வருடம் கழித்து அதே பாதையில் நடக்கிறாள்.

1920களில் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பெந்தகொஸ்தே மிஷன் போன்ற சபைகள் இந்த வாதத்தைத் தமிழ் வீடுகளின் உள்ளே கொண்டுவந்தன. 1947இல் அங்கிலிக்கன், மெதடிஸ்த மற்றும் வேறு சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணத்துச் சபையும் அதில் ஓர் ஆதீனமாகச் சேர்ந்தது, பப்டிஸ்ட்கள் சேரவில்லை. 1970இல் உருவான வட இந்தியத் திருச்சபை பப்டிஸ்ட்களையும் சேர்த்துக்கொண்டது. குழந்தைக்கும் கொடுக்கலாம், வளர்ந்த பின்னும் கொடுக்கலாம், இரண்டையும் மதிப்போம் என்ற உடன்பாடே அதற்கு வழி செய்தது.

இன்னொரு கூட்டத்தையும் சொல்ல வேண்டும். மிஷன் பாடசாலைகளில் படித்தும் படிப்பித்தும் ஞானஸ்நானம் பெறாதவர்கள். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் உதவினார், சைவராகவே வாழ்ந்தார். எங்கள் காரைதீவு மண்ணில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்முனையில் மெதடிஸ்தரிடமும் மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்து, இந்துத் துறவியானார். அயலாரின் நம்பிக்கையை அருகிலிருந்து அறிவதால் நம்முடையது கரைந்துவிடாது என்பதற்கு இவர்களை விட வேறு சாட்சி வேண்டியதில்லை.

நமது நிலை

இனி நம் பக்கம். ஆதம் (அலை) தவறு செய்தார், தௌபாக் கேட்டார், அல்லாஹ் மன்னித்தான் என்று ஸூறா அல்பகராவின் 37ஆவது வசனம் கூறுகிறது. ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்பது அல்அன்ஆமின் 164ஆவது வசனம். ஒவ்வொரு குழந்தையும் இயற்கையான தூய நிலையில், பித்றாவில் பிறக்கிறது என்பது புஹாரி, முஸ்லிமில் வரும் நபிமொழி. எனவே நமக்குப் பிறப்பிலேயே கழுவ வேண்டிய பாவம் இல்லை. காதில் பாங்கு சொல்வதும் அகீகாக் கொடுப்பதும் நன்றியும் ஸுன்னத்தும்; அவை தவறிப்போன குழந்தையின் மறுமைக்குப் பயமில்லை.

அல்பகராவின் 138ஆவது வசனம் 'ஸிப்கத்துல்லாஹ்', அல்லாஹ்வின் வர்ணம், என்று பேசுகிறது. கிறிஸ்தவர்கள் குழந்தைகளை நீரில் தோய்த்த வழக்கத்துக்குப் பதிலாகவே அது இறங்கியது என்று முபஸ்ஸிர்கள் பலர் விளக்கியிருக்கிறார்கள். துணிக்குச் சாயம் தோய்ப்பது போல, வாழ்க்கை முழுவதும் இறைவனின் வர்ணத்தில் தோய வேண்டும் என்பது அதன் கருத்து. ஒரு கேள்வியை நாம் நம்மிடமும் கேட்கலாம். குழந்தையில் தண்ணீர் பட்டால் போதும் என்றிருப்பவரை வெஸ்லி கண்டித்தார். முஸ்லிம் பெயரோடு பிறந்தால் போதும் என்றிருக்கும் நம் பிள்ளைகளை நாம் என்ன சொல்லப் போகிறோம்?

தூது சென்றடையாதவர்களின் நிலை பற்றி இமாம் கஸ்ஸாலி எழுதும்போது, இஸ்லாத்தைக் கேள்விப்படாதவர்களையும், திரிக்கப்பட்ட வடிவத்தில் மட்டுமே கேள்விப்பட்டவர்களையும் இறை மன்னிப்பின் பக்கம் வைத்தார். வாசலின் சட்டத்தைச் சொல்லிவிட்டு, அல்லாஹ்வின் ரஹ்மத்தை அளக்க மறுக்கும் பணிவு அது.

ஏன் இதை அறிய வேண்டும்?

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு அன்று கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் கத்தோலிக்க ஆலயங்கள் தாக்கப்பட்டன. மட்டக்களப்பில் தாக்கப்பட்ட சீயோன் தேவாலயமோ வேறு வழியைச் சேர்ந்த சபை. அங்கே இறந்தவர்களில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். ஞானஸ்நானத்தில் ஒத்துப்போகாத இரண்டு சபைகளையும் கொலையாளிகள் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. ஐந்து நாள் கழித்து, 26ஆம் திகதி இரவு, பக்கத்துச் சாய்ந்தமருதில் வெடித்த சத்தம் எங்கள் வீட்டுக்கும் கேட்டது. அடுத்த நாள்களில் பாடசாலைக்குப் போய், அந்த மெதடிஸ்த ஆசிரியரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர்தான் முதலில் வந்து, "சேர், வீட்டில எல்லாரும் சுகமா?" என்று கேட்டார்.

அந்த மனிதரின் வேதனையை ஒருவர் பகிடியாக்கும்போது நான் பேசாமல் இருந்தது தவறு. மறுநாள் அவரிடம் போய், வெஸ்லியைப் பற்றி வாசித்ததைச் சொன்னேன். "உங்களுக்கு எங்கட விசயம் எல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று ஆச்சரியப்பட்டார். மகளோடு சண்டை பிடிக்காமல், அவள் முழுக்கு எடுக்கும் நாளில் போய் ஓரமாக நிற்கப் போவதாகச் சொன்னார். "ஏற்க மாட்டன், ஆனா போவன்" என்றார். என் ராத்தா அந்த இரவில் செய்ததும் ஏறக்குறைய அதுதான் என்று எனக்குத் தோன்றியது. தான் நம்பாத வார்த்தையை அவர் சொல்லவில்லை. கிண்ணத்தை எடுத்து வந்து கொடுத்தார்.

ராத்தாவின் முதல் கேள்வியை நான் ஒரு ஆலிமிடம் கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது கேள்விக்கு இந்தப் பதிலை வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் புள்ள எங்க இருக்கும் தம்பி?" என்றார். பித்றாவில் பிறந்த எந்தக் குழந்தையையும் பற்றி நம் நபி (ஸல்) அவர்கள் கண்ட கனவு புஹாரியில் இருக்கிறது: ஒரு பெரும் தோட்டத்தில் இப்றாஹீம் (அலை), அவரைச் சுற்றிச் சிறு பிள்ளைகள். இணைவைப்போரின் பிள்ளைகளுமா என்று தோழர்கள் கேட்டபோது, அவர்களும்தான் என்று நபியவர்கள் பதில் சொன்னார்கள். அதை ராத்தாவுக்குச் சொன்னேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அஸருக்கு வுழு எடுக்க எழுந்து போனார்.

அல்லாஹ் மிக அறிந்தவன்.